வத்தல்மலையின் வடக்கு வானம்

பாப்பாரப்பட்டி
8 ஜூன் 2025

சோபனா,

நேற்று மதியம் உன் அப்பா நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கையில் ‘விண்காணி’ வானியல் பத்திரிகையின் ஆண்டுமலர். நடுப்பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்து, “கண்ணு, எம்பொண்ணு எடுத்த படம். கலர்ல எடுத்துக் குடு, மலையில வூட்டுக்கு வூடு ஒட்டணும்” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாக மெஷினிலிருந்து வந்து விழுந்தது. “நீயும் அன்னிக்கி மேல வந்திருந்தியே, பாத்திருப்பியே” என்றார். ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: ‘வத்தல்மலையின் வடக்கு வானம். படம்: க. சோபனா. டிஜிட்டல் கேமராவில் எடுத்த இருநூறு படங்களைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்தது.’

நீ மறந்திருப்பாய் என்று நினைத்து நடந்ததை எழுதுகிறேன். பொங்கல் விடுமுறை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறை. நீ கல்லூரியில் இரவல் வாங்கிவந்த டிஜிட்டல் கேமரா. என்னிடம் பங்குச் சாமியார் மாற்றலாகிப் போகும்போது கொடுத்த பழைய ஃபிலிம் கேமரா. ஒரே வானத்தை இருவரும் எடுப்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரவர் பெயரோடு விண்காணிக்கு அனுப்புவது என்றுதான் பேச்சு.

குளிரில் உன் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிட்டது. மாற்றுப் பேட்டரியை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்திருந்தாய். நீ போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாய். என் கேமராவுக்குப் பேட்டரியே தேவையில்லை. ஷட்டரைத் திறந்து பூட்டிவிட்டால் திறந்தே கிடக்கும். நட்சத்திரம் நகர நகர ஒரே ஃபிலிமில் கோடு விழும். லென்ஸில் பனி படியாமல் இருக்க உன் அம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்திருந்தார். ஆற ஆற அடுப்படிக்குப் போய்ச் சூடாக்கி வந்து லென்ஸைச் சுற்றிக் கட்டினேன். நடுவில் பெங்களூர் போகும் விமானம் ஒன்று வந்தது. அதன் வெளிச்சம் விழாமல் இருக்க அது தாண்டிப் போகும்வரை கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்தேன். அதனால் எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். ஆண்டுமலரில் உள்ள உன் படத்திலும் அதே இடத்தில் விட்டுப்போயிருக்கிறது.

கோயம்புத்தூரில் கழுவி, ஸ்கேன் செய்து தருகிறேன் என்று ரோலை வாங்கிப் போனது நீதான். நெகட்டிவைத் திருப்பிக் கொடுத்தாய். ஸ்கேனை வைத்துக்கொண்டாய்.

ஆசிரியருக்கு எழுது. இது ஃபிலிமில் எடுத்த படம், எடுத்தவள் இ. ஆக்சிலியா என்று அடுத்த இதழில் வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

போன் செய்யாதே. உன் நம்பரைத் தடுத்துவிட்டேன். பேசினால் எனக்கு அழுகைதான் வரும். எழுதினால் வராது.

ஆக்சிலியா


கோயம்புத்தூர்
19 ஜூன் 2025

அடியே ஆக்சி,

கடிதமாம் கடிதம். வார்டன் என் கையில் கொடுக்கும்போது, “யாரும்மா, இந்தக் காலத்துல லெட்டர் போடற ஆளு” என்று கேட்டார். மொத்த ஹாஸ்டலும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறது.

நீ எழுதியதைப் படித்தால் நான் உன் வீட்டுக்குள் புகுந்து பீரோவை உடைத்த மாதிரி இருக்கிறது. நடந்ததை நானும் சொல்கிறேன். விண்காணியின் ஃபிலிம் பகுதிக்கு அனுப்பினால் எடுத்தவரின் போட்டோ வேண்டும். ஆசிரியர் கோகிலவாணி மேடம் போனில் பேட்டி எடுப்பார். இதை உன்னிடம் சொன்னேனா இல்லையா? நீ என்ன சொன்னாய்? “என் மூஞ்செல்லாம் போட வேணாம்டி, எனக்குப் பேச வராது, விட்டுடு.” பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தையே விட்டவள் நீ. உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? படம் என் பென் டிரைவிலேயே கிடந்து மக்கட்டும் என்றா?

இன்னொன்று. டிஜிட்டல் பகுதியில் தேர்வானால் டிசம்பரில் வானியல் முகாம். பெரிய தொலைநோக்கியில் ஒரு வாரம் வேலை செய்யலாம். இயற்பியல் படிக்கிற எனக்கு அது எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாதே, உண்மையைச் சொல்கிறேன்: அந்த முகாமுக்குப் போய் நீ என்ன செய்யப்போகிறாய்?

அப்புறம் உன் நெகட்டிவ். ஸ்கேன் செய்து பார்த்தபோது அது எப்படி இருந்தது தெரியுமா? வானம் பூராவும் பச்சை. பாதிக் கோடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்தது நான். ஆண்டுமலரில் வந்த கறுப்பும் நீலமும் என்னுடையவை. அப்படிப் பார்த்தால் பாதிப் படம் எனக்குச் சொந்தம். வானம் ஒன்றுதானே ஆக்சி, ஃபிலிமில் பிடித்தால் என்ன, சென்சாரில் பிடித்தால் என்ன? பார்க்கிறவர்கள் கோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

உன் பெயரை ஒன்றும் விட்டுவிடவில்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டிருக்கிறார்கள், பார். ‘உதவி: ஆக்சிலியா’.

உனக்கு இரண்டு ரோல் ஃபிலிம் வாங்கி அனுப்புகிறேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நம்பரைத் திற.

சோபு


பாப்பாரப்பட்டி
27 ஜூன் 2025

சோபனா,

ஆக்சி என்று கூப்பிடாதே.

கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அச்சகத்தின் முகவரிக்கு மேலே இருக்கிறது. உப்பு வறுத்துக் கொடுத்த உன் அம்மாவுக்கு ‘உதவி’ என்று போட்டிருந்தால் சரி. எனக்கு எப்படிப் போட்டாய்?

முகத்தைப் போட வேண்டாம் என்றேன். பெயரைப் போட வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? பேசத் தெரியாதவளுக்குப் பெயரும் தேவையில்லை என்று நீயாக முடிவு செய்துகொண்டாய். கூட்டத்தில் எனக்காக எப்போதும் நீதானே பேசுவாய். கடையில், பஸ்ஸில், டீச்சரிடம். அந்தப் பழக்கத்தில் என் படத்துக்கும் நீயே பேசிவிட்டாய்.

உன் ரோல் எனக்கு வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

விண்காணிக்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறேன். உன்மேல் புகார் எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறேன்: இருநூறு படங்களைச் சேர்த்தது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கேமரா ஒரு கணம் மூடித் திறக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் கோடு நெடுகப் பொடிப் பொடியாக இடைவெளி இருக்கும் என்று உங்கள் பத்திரிகையிலேயே போட்டிருந்தீர்கள். இந்தப் படத்தில் ஒரே ஒரு இடைவெளிதான் இருக்கிறது. அது எப்படி என்று விளக்க முடியுமா? இப்படிக்கு, ஒரு வாசகி.

அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் உனக்கு எழுதியிருந்தால் மனம் மாறியிருக்கும்.

ஆக்சிலியா


கோயம்புத்தூர்
16 ஜூலை 2025

ஆக்சிலியா,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் உனக்கு வரவில்லை, எனக்கு வந்தது. கோகிலவாணி மேடம் இருநூறு படங்களின் மூலக் கோப்புகளையும் அனுப்பச் சொன்னார். கேமரா எழுதிய கோப்புகள், அப்படியே, கை படாமல். எங்கே போவேன்? ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன். ஒரே ஒரு கோப்பாவது இருக்கும் அல்லவா என்றார். இல்லை என்றேன்.

இப்போது அவர்கள் நினைப்பது நீ நினைப்பதைவிட மோசம். நான் யார் படத்தையோ எடுத்துக்கொண்டேன் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கேமராவே இல்லாமல் செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி ஒரு வானத்தை வரைந்து வாங்கியிருக்கிறேன் என்கிறார்கள். இந்த வருடம் அப்படி நிறைய வந்ததாம். முகாமிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் இதழில் அறிவிப்பு போடப் போகிறார்கள். கல்லூரிக்கும் ஒரு பிரதி வரும்.

நெகட்டிவை எனக்கு அனுப்பு. அது ஒன்றுதான் சாட்சி. ஃபிலிமில் எடுத்தது, தவறுதலாக டிஜிட்டல் பகுதிக்குப் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம் என்று உன் பெயரையும் போடச் சொல்கிறேன். முகமும் வேண்டாம், பேட்டியும் வேண்டாம், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்குத் தெரிந்தால் சோறு இறங்காது. அப்பா மலைக்கு ஏறும் வழியெல்லாம் ஒட்டிவைத்திருக்கிறார். உனக்கு என்மேல் கோபம் இருக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். அவர்கள் உனக்கு என்ன செய்தார்கள்?

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. சாதா தபாலில் போட்டுவிடாதே.

சோபனா


பாப்பாரப்பட்டி
24 ஜூலை 2025

சோபனா,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் படித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை. முதலாளி தமிழ்ச்செல்வன் அண்ணன், “என்ன புள்ள, லாட்டரி வுழுந்த மாதிரி சிரிக்கற” என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோமா? இப்போதும் உனக்குப் பாதி வேண்டும். தண்ணீரில் முங்குகிறவள் கூடத் தூக்கிவிட வருகிறவள் வளையலைப் பார்க்க மாட்டாள். நீ பார்க்கிறாய்.

நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவின் கல்யாணப் புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அனுப்ப மாட்டேன். கம்ப்யூட்டர் வரைந்தது என்றே அவர்கள் போடட்டும். நீ செய்யாததற்குத் தண்டனை வாங்குகிறாய் என்று உனக்குத் தோன்றும். நான் செய்ததற்கு நீ பாராட்டு வாங்கினாயே, அப்போது என்ன தோன்றியது?

உன் அப்பா போன வாரம் மறுபடியும் வந்தார். மழையில் நனையாமல் லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். ஓரத்தில் காற்றுக் குமிழ் வராமல், நன்றாகவே போட்டுக் கொடுத்தேன். அவர்கள் எனக்கு எதுவும் செய்யவில்லை. அது எனக்கும் தெரியும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டார். “அப்ப உன் படத்தையே பொய்யின்னு போடப் போறாங்க. அதுக்கா இந்தச் சிரிப்பு?” என்றார். அவள் பெயரில்தானே இருக்கிறது, அவள்தான் பொய் என்றேன். “பேரு அவளுது. வானம் யாருது?” என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. இதை உனக்கு எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன். எழுதியதை அடித்து அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஆக்சிலியா


கோயம்புத்தூர்
18 ஆகஸ்ட் 2025

ஆக்சிலியா,

விண்காணி வந்துவிட்டது. நீ பார்க்காமல் இருந்தால் நானே எழுதிக் காட்டுகிறேன். ‘ஆண்டுமலரில் வெளியான வத்தல்மலையின் வடக்கு வானம் என்ற படம் செயற்கையாக உருவாக்கப்பட்டது என்பதை அனுப்பியவரே ஒப்புக்கொண்டுள்ளார். இந்தப் படத்தில் உள்ள வானம் எந்தக் கேமராவின் முன்பும் இருந்ததில்லை. வாசகர்களிடம் வருந்துகிறோம்.’

ஆமாம், ஒப்புக்கொண்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கோகிலவாணி மேடம் கடைசியாக ஒருமுறை போன் செய்து, “வேற யாராவது எடுத்ததாம்மா? சொல்லிடு” என்று கேட்டார். உன் பெயர் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் உனக்குப் படம் கிடைத்திருக்கும். நீ கேட்டது கிடைத்திருக்கும். விழுங்கிவிட்டேன்.

திருடி என்று பெயர் வாங்கினால் மலையில் தலைகாட்ட முடியாது. கம்ப்யூட்டரில் செய்தேன் என்றால் அதுவும் ஒரு படிப்புதான். அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், “கம்பியூட்டர்லயே வானத்தச் செஞ்சிப்புட்டாளா எம்பொண்ணு” என்று டீக்கடை தர்மன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒட்டியதில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

கல்லூரியில் ஒரு மாதம் பரிசோதனைக் கூடத்துக்கு வரக் கூடாது என்றார்கள். முகாம் போயே போய்விட்டது. உனக்குச் சந்தோஷம்தானே? இரண்டு தடவை படி.

ஆனால் நீ அந்த நெகட்டிவைப் புடவையோடு சேர்த்து மடித்தே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நீ விடியவிடிய உட்கார்ந்து எடுத்த வானம் இருந்ததே இல்லை என்று அச்சாகிவிட்டது. இனிமேல் நீ கொண்டுபோய்க் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். ஸ்க்ரீனில் படத்தைப் போட்டு அதை ஃபிலிம் கேமராவால் எடுத்தால் நெகட்டிவ் வந்துவிடும். அதுவும் இப்போது நடக்கிறது. போதாததற்கு நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. நீயா?

என்னை உடைக்க நினைத்தாய். உன்னுடையதையும் சேர்த்து உடைத்துவிட்டேன். கணக்குச் சரி.

சோபனா


பாப்பாரப்பட்டி
8 செப்டம்பர் 2025, திங்கள்

சோபனா,

நான் இதையெல்லாம் முன்பே திட்டமிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். திட்டமிடவில்லை. அறிவிப்பு வந்ததும் நிம்மதியாக இருப்பேன் என்றுதான் நினைத்தேன். ‘எந்தக் கேமராவின் முன்பும் இருந்ததில்லை’ என்ற வரியை உன் கையெழுத்தில் படித்ததும், பாறையில் அன்று இரவு உப்பு மூட்டை சுட்டுக் கொப்பளித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தழும்புகூட இல்லை. மறுநாள் கடைக்கு லீவு சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் மொரப்பூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். விண்காணி ஆபீஸ் ஒரு மாடி வீட்டில் இருக்கிறது. வாசலில் நின்றுகொண்டு திரும்பிப் போய்விடலாம் என்றேன். அம்மா என்னை முன்னால் தள்ளி, “இதுக்கா கம்மல அடகு வெச்சிட்டு வந்தேன். ஏறுடி” என்றார்.

கோகிலவாணி அம்மாவிடம் எனக்குப் பேச வரவில்லை. உறையை மட்டும் நீட்டினேன். அவர் வெளிச்சப் பெட்டியைப் போட்டு நெகட்டிவை அதன்மேல் வைத்தார். பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு நீ சொன்னதையேதான் சொன்னார். “ஸ்க்ரீன்லேர்ந்து கூட இப்படி எடுக்கலாமேம்மா.”

அப்போதுதான் வாய் திறந்தேன். “மத்த மூணையும் பாருங்க” என்றேன்.

நீ கடைக்காரனிடம் வாங்கி அப்படியே என்னிடம் கொடுத்த துண்டில் நான்கு படங்கள் இருக்கின்றன. வானத்தை மட்டும் ஸ்கேன் செய்யச் சொன்னாய். மற்றவை வீணான படங்கள் என்று நினைத்திருப்பாய். முதலில் சாயங்கால வெளிச்சத்தில் பாறையும் அதன் ஓரத்துச் சவுக்கு மரமும். அடுத்தது உன் அம்மா உப்பு வறுப்பது. மூன்றாவது வானம், அதே மரத்தோடு. நான்காவது விடிந்த பிறகு எடுத்தது. அதே பாறையில், பேட்டரி தீர்ந்த கேமராவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, நீ வாயைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாய். ஓரத்தில் எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. ஃபிலிமில் ஒன்றை எடுத்து முன்னால் வைக்கவோ பின்னால் வைக்கவோ முடியாது. எது எப்போது நடந்ததோ அப்படியேதான் இருக்கும்.

அவர் ஆண்டுமலரை எடுத்துவந்து பக்கத்தில் வைத்து மரத்தின் கிளைகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஆபீஸில் இருந்தவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். “இந்தத் தூங்குற பொண்ணு யாரு?” என்றார்.

“அவதாங்க சோபனா.”

கோகிலவாணி அம்மா சொன்னார். செப்டம்பர் இதழில் மறுப்பு போடுகிறோம், ஃபிலிம் பகுதியில் முழுப் பக்கம், உன் பெயரோடு. முகமும் வேண்டாம், பேட்டியும் வேண்டாம், நெகட்டிவே போதும் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அவர் நான்காவது படத்தின்மேல் விரலை வைத்தார். “இத மட்டும் விட்டுடலாமா? மூணு படமே போதும், எல்லாரும் நம்புவாங்க. சின்னப் பொண்ணு, முகம் நல்லாவே தெரியுது. பாவம், நாளைக்கு அவ காலேஜ்ல தலை நிமிர வேணாமா?” என்றார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“விடாதீங்க. நாலும் சேந்தே வரட்டும். அவ பேரையும் போடுங்க” என்றேன்.

திரும்பி வரும்போது காட்பாடி தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவ உன்னக் கேக்காம உன் படத்தப் போட்டா. நீ அவளக் கேக்காம அவ மூஞ்சியப் போடற. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு நீயே சொல்லு. வூட்டுக்குப் போனதும் அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த எழுதிக் கேளு.”

அதற்குத்தான் இந்தக் கடிதம். படிக்கத் தெரியாவிட்டாலும் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேட்கிறேன், சோபனா. நீ தூங்குகிற படத்தைப் பத்திரிகையில் போடலாமா? வேண்டாமென்றால் ஆசிரியருக்கு ஒரு வரி எழுது, எடுத்துவிடுவார்.

அம்மா முன்னால் இறங்கிப் போன பிறகு, புதன்கிழமை அச்சுக்குப் போகிறது என்றார்கள். அது அம்மாவுக்குத் தெரியாது. இங்கிருந்து போடும் தபால் உன் கைக்கு வர வியாழன் ஆகும்.

இ. ஆக்சிலியா